உளவு செயற்கைக்கோள் ஏவப்பட்டால் அன்றிலிருந்தே எல்லாம் தெரிந்துவிடுமா?

ஒரு நாடு இராணுவ உளவு செயற்கைக்கோளை வெற்றிகரமாக ஏவியதாக அறிவிக்கிறது. அன்றிலிருந்தே எதிரி நாட்டின் ஒவ்வொரு அசைவும் அதற்குத் தெரிந்துவிடுமா, அந்த அறிவிப்பை வெளியில் இருக்கும் நாம் எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த இடத்தில் 'வெற்றி' என்றால் என்ன? ராக்கெட் மேலே போனதா, செயற்கைக்கோள் சுற்றுகிறதா, அது பார்க்கிறதா, அது பார்த்தது கீழே இருப்பவருக்கு உரிய நேரத்தில் பயன்படுகிறதா? இவை நான்கும் தனித்தனி விஷயங்கள். செய்தியில் நான்கும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. முதல் இரண்டை உலகத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். மூன்றாவதைப் பெரும்பாலும் ஊகிக்கத்தான் முடியும். நான்காவது பல வருடங்கள் கழித்து ஆவணங்கள் வெளிவந்தால்தான் தெரியும்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடங்களாகச் செயற்கைக்கோள் படங்களைப் படிப்பதுதான் என் தொழில். வெள்ளம், பயிர், காடழிப்பு, கடலோர மாற்றம் என்று எல்லாமே சிவில் வேலைகள். இராணுவப் படங்களை நான் கையாண்டதில்லை. ஆனால் ஒளி, சுற்றுப்பாதை, மேகம் இவற்றின் விதிகள் இரண்டுக்கும் ஒன்றேதான். அந்த விதிகளை வைத்துச் சொல்லக்கூடியதை உறுதியாகச் சொல்கிறேன். மற்றதை ஊகம் என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.

ஏவுதலில் ஆரம்பிப்போம், ஏனென்றால் ரகசியத்துக்கு இடம் குறைவாக இருப்பது அங்கேதான். ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் எங்காவது விழுந்தாக வேண்டும். அதனால் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை விடுவது வழக்கம். அந்த எச்சரிக்கைப் பகுதிகளை வரைபடத்தில் குறித்து ஏவுதளத்தோடு ஒரு கோட்டால் இணைத்தால் ராக்கெட் எந்தத் திசையில் போகப் போகிறது என்பது தெரிந்துவிடும். திசை தெரிந்தால் பாதையின் சாய்வு தெரியும். சாய்வு தெரிந்தால் அது எந்த வகைச் செயற்கைக்கோள் என்று பாதிக்குமேல் ஊகித்துவிடலாம்.

கேமரா வைத்த உளவு செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவத்தை ஒட்டிய ஒரு பாதைக்குத்தான் போகும். நிலநடுக்கோட்டோடு 97 அல்லது 98 டிகிரி சாய்ந்த பாதை அது. பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருப்பதால் அந்தப் புடைப்பின் ஈர்ப்பு, சுற்றுப்பாதையின் தளத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். சாய்வைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் அந்தத் திருப்பம் நாளுக்கு ஏறக்குறைய 1 டிகிரியாக அமையும். சூரியனைப் பொறுத்துப் பூமி நகரும் அளவும் அதேதான். விளைவு என்னவென்றால், செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அங்கே கிட்டத்தட்ட அதே கடிகார நேரமாக, உதாரணமாகக் காலை பத்தரையாக, இருக்கும். படம் படிக்கிறவனுக்கு இது பெரிய வரம். நேற்றைய நிழலும் இன்றைய நிழலும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருப்பதால், எது மாறியிருக்கிறதோ அது உடனே கண்ணில் படும். நிழல் தாறுமாறாக இருந்தால் கட்டடம் வளர்ந்ததா, சூரியன் சாய்ந்ததா என்று குழம்பிப்போவோம்.

இந்தப் பாதைக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்குக் கைகொடுக்கும். நிலநடுக்கோட்டில் அது நொடிக்கு 465 மீட்டர். துருவப் பாதையில் அந்த உதவி கிடைக்காது, கொஞ்சம் எதிர்த்தும் போக வேண்டும். இஸ்ரேலின் நிலைமை இன்னும் கடினம். கிழக்கே அண்டை நாடுகள் இருப்பதால், 1988-இல் ஏவிய ஓஃபெக்-1 முதலே அவர்கள் மேற்கே, மத்தியதரைக் கடல் மீதுதான் ஏவுகிறார்கள். பூமியின் சுழற்சிக்கு நேர் எதிராக ஏவுவதால், அதே ராக்கெட்டில் கொண்டுபோகக்கூடிய எடை குறைந்துவிடுகிறது. அதனால் செயற்கைக்கோளைச் சிறியதாகவும் லேசாகவும் செய்யும் திறமையை அவர்கள் வளர்த்துக்கொண்டார்கள்.

மேலே போன பிறகும் ஒளிய முடியாது. அமெரிக்காவின் ரேடார்கள் பிடிக்கும், மற்ற வல்லரசுகளின் ரேடார்களும் பிடிக்கும். அமெரிக்கா தன் சொந்த உளவு செயற்கைக்கோள்களின் பாதையை மட்டும் பொதுப் பட்டியலில் போடுவதில்லை. அவற்றையும் பல நாடுகளில் இருக்கும் ஆர்வலர்கள் தொலைநோக்கி, சாதாரணக் கேமரா, துல்லியமான கடிகாரம் ஆகியவற்றைக் கொண்டே கண்டுபிடித்துப் பாதையைக் கணக்கிட்டுவிடுகிறார்கள். ஆகவே 'செயற்கைக்கோள் சுற்றுப்பாதையில் இருக்கிறது' என்று ஒரு நாடு சொன்னால், அது உண்மையா பொய்யா என்பது ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சந்தேகம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ராக்கெட்டிலிருந்து பிரிந்த செயற்கைக்கோள் தன் சுழலை நிறுத்தி, சூரியத் தகடுகளை விரித்து, தரைநிலையத்தோடு பேச வேண்டும். 2006 டிசம்பரில் அமெரிக்கா ஏவிய யுஎஸ்ஏ-193 ஒழுங்காகச் சுற்றுப்பாதையை அடைந்தது. ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அதனுடனான தொடர்பு போய்விட்டது. ஒரு படம்கூடத் தராமல் பதினான்கு மாதங்கள் இறங்கிக்கொண்டே வந்து, 2008 பிப்ரவரியில் கப்பலிலிருந்து ஏவிய ஏவுகணையால் உடைக்கப்பட்டது. ஜெர்மனியின் சாரா வரிசையில் 2023 டிசம்பர் 24 அன்று ஏவப்பட்ட இரண்டு ரேடார் செயற்கைக்கோள்களும் பத்திரமாக மேலே போயின. ஆண்டெனா விரியவில்லை என்ற செய்தி அடுத்த ஆண்டு ஜெர்மன் பத்திரிகைகளில் வந்தது. ஏவுதலை மட்டும் பார்த்திருந்தால் மூன்றையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்த்திருப்போம்.

இந்தத் துறையின் ஆரம்பமே அப்படித்தான். அமெரிக்காவின் கொரோனா திட்டம் 1959-இல் 'டிஸ்கவரர்' என்ற பெயரில், அறிவியல் ஆய்வு என்ற போர்வையில் ஏவ ஆரம்பித்தது. அப்போது படத்தை ரேடியோவில் அனுப்பும் தொழில்நுட்பம் போதாது. ஃபிலிம் சுருளையே ஒரு கூட்டுக்குள் வைத்து மேலிருந்து கீழே போட வேண்டும்; பாராசூட்டில் இறங்குவதை விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடிக்க வேண்டும். முதல் பன்னிரண்டு முயற்சிகளும் ஒவ்வொரு விதமாகத் தோற்றன. சிலவற்றில் ராக்கெட்டே தவறியது, சிலவற்றில் மேலே போன பிறகு கோளாறு வந்தது, சிலவற்றில் கூடு காணாமல் போனது. பதின்மூன்றாவது முயற்சியில் கூடு மட்டும் திரும்ப வந்தது, உள்ளே ஃபிலிம் இல்லை. 1960 ஆகஸ்ட் 19 அன்று பதினான்காவதன் கூட்டைப் பசிபிக் கடலுக்கு மேலே ஒரு சி-119 விமானம் பிடித்தது. அந்த ஒரே சுருளில் பதிவான சோவியத் நிலப்பரப்பு, அதுவரை பறந்த எல்லா யு-2 உளவு விமானங்களும் சேர்ந்து எடுத்ததைவிட அதிகம். ஒன்றரை வருடத் தோல்விகளைச் சகித்துக்கொண்டு தொடர்ந்து செலவு செய்ததற்கான காரணம் அந்தச் சுருளில் இருந்தது. இந்த வரலாற்றை நாம் இன்று இவ்வளவு விவரமாகப் பேச முடிவது, 1995-இல் அந்தப் படங்கள் பொதுவில் விடப்பட்டதால்தான். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவை. இன்று தொல்லியல் ஆய்வாளர்கள், அணைகளும் விவசாயமும் அழித்துவிட்ட பழைய குடியிருப்புகளை அவற்றில் தேடுகிறார்கள். எனக்கு மிகவும் மனநிறைவு தரும் விஷயம் அது.

படத்தை மின்னணு முறையில் உடனே கீழே அனுப்பும் முதல் அமெரிக்க உளவு செயற்கைக்கோளான கேஎச்-11, 1976 டிசம்பர் 19 அன்று ஏவப்பட்டது. அதன் முதல் படங்கள் ஜிம்மி கார்ட்டர் பதவியேற்ற கையோடு, 1977 ஜனவரியில் அவர் மேசைக்குப் போயின. ஏவியதற்கும் படத்துக்கும் நடுவே ஒரு மாதம். பணமும் அனுபவமும் நிறைந்த ஒரு நாட்டுக்கே அவ்வளவு நாள் ஆனது. இன்றும் கேமராவைச் சரிசெய்ய வாரங்கள், சிலசமயம் மாதங்கள் பிடிக்கும். தரையில் இருந்தபோது தொலைநோக்கியைத் தாங்கும் கூட்டுப்பொருள் சட்டகம் உறிஞ்சிய ஈரப்பதம் விண்வெளியில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். சட்டகம் நுண்ணிய அளவு சுருங்கும், குவியம் நகரும், அதற்கேற்ப மறுபடி மறுபடி திருத்த வேண்டும். புதிதாக ஏவிய ஒரு சிவில் செயற்கைக்கோளின் ஆரம்பப் படங்களை ஒருமுறை நான் பார்த்தேன். சாலையின் ஓரங்கள் எல்லாம் கரைந்துபோய் இருந்தன. சில வாரங்கள் கழித்து அதே சாலையின் நடுக்கோடு தெளிவாகத் தெரிந்தது. அதனால், ஏவிய சில நாட்களிலேயே அற்புதமான படங்கள் கிடைத்துவிட்டதாக ஒரு நாடு சொன்னால், அந்தப் படத்தைக் கேட்பதுதான் நியாயம்.

சரி, எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும்? இதற்கு இயற்பியல் ஓர் எல்லை வைத்திருக்கிறது. தொலைநோக்கியின் கண்ணாடி எவ்வளவு அகலமோ அந்த அளவுக்குத்தான் நுணுக்கம் கிடைக்கும். ஹபிள் தொலைநோக்கிக்கு இருப்பதுபோல 2.4 மீட்டர் கண்ணாடி ஒன்றை 250 கி.மீ. உயரத்தில் வைத்துக் கீழே பார்த்தால், பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு சுமார் 6 செ.மீ.; 500 கி.மீ. உயரத்தில் அது இரட்டிப்பாகிவிடும். காற்றின் கலக்கமும் செயற்கைக்கோளின் அதிர்வும் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். வண்டியின் எண்பலகையில் உள்ள கோடுகளின் தடிமன் 1 செ.மீ. அளவுதான், பலகையும் வானத்தைப் பார்த்து இருக்காது. செய்தித்தாளை மேலிருந்து படிப்பார்கள் என்ற பேச்சை இந்தக் கணக்கு அப்படியே நிராகரிக்கிறது. வண்டி நிற்கிறது, அது லாரியா டாங்கியா, நேற்று பத்து நின்றன இன்று நாற்பது நிற்கின்றன என்பதெல்லாம் நன்றாகவே தெரியும். உளவுக்கு அது போதும்.

அமெரிக்காவின் உண்மையான திறனுக்கு நமக்குக் கிடைத்த சிறந்த சான்று 2019 ஆகஸ்ட் 30 அன்று வந்தது. ஈரானின் ஏவுதளத்தில் ராக்கெட் ஒன்று வெடித்திருந்ததைக் காட்டும் ஒரு படத்தை அதிபர் டிரம்ப் ட்விட்டரில் போட்டார். படத்தின் நிழல்களை வைத்து அது எடுக்கப்பட்ட நேரத்தையும், ஏவுமேடையின் வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்த விதத்தை வைத்துப் பார்த்த கோணத்தையும் ஆர்வலர்கள் கணக்கிட்டார்கள். அந்த நேரத்தில் அந்தக் கோணத்தில் இருந்த ஒரே பொருள் யுஎஸ்ஏ-224 என்ற உளவு செயற்கைக்கோள். படத்தின் நுணுக்கம் 10 செ.மீ. அளவில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். நான் மேலே சொன்ன கணக்கோடு அது ஒத்துப்போகிறது. ஆனாலும் இது வெளியிலிருந்து செய்த மதிப்பீடு என்பதை மறந்துவிடக் கூடாது.

நுணுக்கத்தைவிட முக்கியமான விஷயம் நேரம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நொடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் போகிறது; ஒரு சுற்றுக்கு சுமார் 94 நிமிடம், நாளுக்குப் பதினைந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் கீழே பூமி நிலநடுக்கோட்டில் சுமார் 2,600 கி.மீ. திரும்பிவிடும். நுணுக்கமான கேமராவின் பார்வை அகலமோ பத்து, இருபது கி.மீ.தான். பக்கவாட்டில் சாய்ந்து பார்க்க முடியும் என்றாலும் ஓர் இடத்தைப் பயனுள்ள கோணத்தில் பார்க்கக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதுவும் தினமும் கிடைக்காது. கிடைக்கும் நாளிலும் மேகம் இருந்தால் போயிற்று. அப்படியானால் ஒரே இடத்துக்கு மேலே நிறுத்திவைத்தால் என்ன என்று கேட்கலாம். அப்படி நிற்பதாகத் தெரிய வேண்டுமானால் 35,786 கி.மீ. உயரத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து அதே 2.4 மீட்டர் கண்ணாடிக்கு 9 மீட்டரைவிடச் சிறிய எதுவும் பிரிந்து தெரியாது. நுணுக்கமும் தொடர் கண்காணிப்பும் ஒரே செயற்கைக்கோளில் சேர்ந்து அமைவதில்லை.

எதிராளிக்கு இது தெரியும் என்பதும் முக்கியம். பாதை தெரிந்தால் எப்போது தலைக்கு மேலே வரும் என்பதும் நிமிடக் கணக்கில் தெரியும். 1995-இல் போக்ரானில் நடந்த அணுசோதனை ஏற்பாடுகளை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் பார்த்துவிட்டன, சோதனை நடக்கவில்லை. 1998-இல் அதே இடத்தில் வேலைகள் பெரும்பாலும் இரவில் நடந்தன. செயற்கைக்கோள் வரும் நேரத்துக்குள் கருவிகள் பழைய இடத்துக்குத் திரும்பின. மே 11 அன்று குண்டு வெடிக்கும்வரை வாஷிங்டனுக்குத் தெரியவில்லை. உலகின் மிகச் சிறந்த கேமராக்கள் மேலே இருந்தபோதே இது நடந்தது.

ரேடார் வந்தது இந்தக் குறையை அடைக்கத்தான். ரேடார் செயற்கைக்கோள் தானே அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. சூரியன் தேவையில்லை, மேகம் தடையில்லை. என் வேலையில் இதன் அருமையைப் பலமுறை உணர்ந்திருக்கிறேன். வெள்ளத்தின்போது வாரக்கணக்கில் வானம் மூடியிருக்கும், சாதாரணப் படத்தில் வெள்ளைப் பஞ்சு மட்டுமே தெரியும். ரேடார் படம் வந்த அன்று நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று கறுப்பாக, தெளிவாகத் தெரிந்துவிடும். ஆனால் ரேடார் படம் புகைப்படம் போல இருக்காது. உலோகம் கண்ணைப் பறிக்கும், உயரமான கோபுரம் ரேடார் பக்கமாகச் சாய்ந்து விழுந்ததுபோலத் தெரியும். பழகாதவர் கண்ணுக்கு அது வெறும் புள்ளிக் குவியல். படிக்கத் தெரிந்த ஆட்களை உருவாக்கப் பல வருடங்கள் ஆகும். செயற்கைக்கோளை விலைக்கு வாங்குவதுபோல அவர்களை வாங்க முடியாது. தென்கொரியா தன் திட்டத்தில் ஒரே ஒரு கேமரா செயற்கைக்கோளோடு நான்கு ரேடார் செயற்கைக்கோள்களைச் சேர்த்தது என்னைப் பொறுத்தவரை சரியான முடிவு. கேமராவுக்குக் கிடைக்காத இரவுகளையும் மேகமூட்ட நாட்களையும் அந்த நான்கும் பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் ஓர் அறிவிப்பின் மீது பொருத்திப் பார்ப்போம். வடகொரியா 2023 மே, ஆகஸ்ட் என இரண்டு முறை தோற்று, நவம்பர் 21 அன்று மல்லிக்யோங்-1 என்ற செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. சேர்ந்தது உறுதி, சுமார் 500 கி.மீ. உயரத்தில், நான் மேலே விவரித்த அதே வகைப் பாதையில் அது இருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் வெள்ளை மாளிகையையும் பென்டகனையும் படமெடுத்ததாக அந்நாட்டு ஊடகம் சொன்னது. ஒரு படத்தைக்கூட வெளியிடவில்லை. மே மாதத் தோல்வியில் கடலில் விழுந்த பாகங்களை எடுத்து ஆராய்ந்த தென்கொரியா, அந்தச் செயற்கைக்கோளுக்கு இராணுவப் பயன் எதுவும் இல்லை என்றது. இரண்டு கூற்றுமே தத்தம் நலன் சார்ந்தவை. 2024 பிப்ரவரியில் தென்கொரியப் பாதுகாப்பு அமைச்சர் அது வேலை எதுவும் செய்யாமல் சுற்றுகிறது என்றார். அதே மாதம்தான் அதன் பாதையின் தாழ்ந்த முனை சில கிலோமீட்டர் உயர்த்தப்பட்டதைச் சுயேச்சையான கணிப்பாளர்கள் கண்டறிந்தார்கள். செயற்கைக்கோள் தானாகத் தன் பாதையை உயர்த்திக்கொள்ளாது. உந்துபொறி இருந்தது, கட்டளை போனது, அது கீழ்ப்படிந்தது என்பது இதிலிருந்து உறுதி. கேமரா எப்படிப்பட்டது என்பது இதிலிருந்து தெரியாது. என் ஊகம், அது சுமாரான நுணுக்கத்தில் எதையோ எடுத்திருக்கலாம் என்பது. ஒற்றைச் செயற்கைக்கோள் என்பதால் போர்ச் சூழலில் அதன் பயன் குறைவு. இதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி மேலிருந்து வேவு பார்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறதா என்ற கேள்வியும் எழும். 1967-இன் விண்வெளி ஒப்பந்தம் மேலிருந்து வேவு பார்ப்பதைத் தடை செய்யவில்லை. 1972-இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள், ஒருவர் மற்றவரைச் சரிபார்க்கும் இத்தகைய வழிகளில் குறுக்கிடக் கூடாது என்றே எழுதிவைத்தன. வடகொரியா விஷயத்தில் பிரச்சினை செயற்கைக்கோளில் இல்லை. ஏவுகணைத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தி ஏவுவதை ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தீர்மானங்கள் அந்நாட்டுக்குத் தடை செய்திருக்கின்றன.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் மூன்று விஷயங்களைக் கவனித்துப் பாருங்கள். சில மாதங்களுக்குள் அது தன் பாதையைத் திருத்துகிறதா? அந்த நாடு ஒரு படத்தையாவது காட்டுகிறதா? இரண்டாவது, மூன்றாவது செயற்கைக்கோள் பின்னாலேயே போகிறதா? மூன்றாவதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன், ஏனென்றால் ஒன்றை வைத்திருக்கும் நாடு சில நாட்களுக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும், ஐந்து வைத்திருக்கும் நாடு சில மணிநேரத்துக்கு ஒருமுறை பார்க்கும்.